சங்கு சக்கரக் கணக்கும் தோல் நோய்க் குழந்தைகளும்

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகத் தெற்கே போனால் வைத்தீஸ்வரன்கோயில் வரும். அந்த ஊருக்கு இரண்டு வகைக் கூட்டம் வருகிறது. ஒரு கூட்டம் நாடி ஜோதிடரிடம் கட்டைவிரல் ரேகையைப் பதித்துக் கொடுத்துத் தன் ஏட்டைத் தேடச் சொல்கிறது. ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. இன்னொரு கூட்டம் தோல் வியாதி தீரவேண்டும் என்று சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் காணிக்கை போட்டுத் திரும்புகிறது. முதல் கூட்டத்தின் கேள்வியை இரண்டாவது கூட்டத்தின் பிள்ளைகளிடம் கேட்டால் என்ன? பிறவியிலேயே தோல் நோயோடு வந்த குழந்தையின் விரல் நுனியில் அந்த நோய்க்கான தடயம் இருக்கிறதா? நம் மருத்துவக் கல்லூரிகளிலும் மானிடவியல் துறைகளிலும் பல பத்தாண்டுகளாக மையும் தாளும் கொண்டு இதைக் கேட்டுவருகிறார்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். விரலில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணியதில் கிடைத்தது கொஞ்சம். ரேகையின் மேட்டையும், அதன் மேலிருக்கும் வியர்வைத் துளையையும், உள்ளங்கைக் கோடுகளையும் உற்றுப் பார்த்ததில் கிடைத்தது நிறைய. உழைப்பு மட்டும் பெரும்பாலும் முதல் வேலைக்கே போயிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் பிறவித் தோல் நோயுள்ள பிள்ளைகள் போய்ச் சேரும் இடங்கள் சில. அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி சில ஆண்டுகளுக்கு முன் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறிக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரத்தில். கடலூர்க்காரர்களுக்கு உள்ளூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அதுவும் போதாவிட்டால் வடக்கே புதுச்சேரி ஜிப்மர். ஜிப்மரின் வேர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. அதே 1823-ல்தான் பிரெஸ்லாவ் நகரில் புர்கினியே என்ற உடலியல் அறிஞர் விரல் ரேகைகளை ஒன்பது வகையாகப் பிரித்து எழுதினார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள்தான். ஆனாலும் ஆண்டு ஒத்துப்போவது ஒரு வேடிக்கை.

ரேகை எப்படி உருவாகிறது என்று தெரியாமல் மேற்கொண்டு பேச முடியாது. கரு ஆறேழு வாரமாக இருக்கும்போது அதன் விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் சிறு மேடுகள் புடைக்கின்றன. பத்து வாரத்தையொட்டி அவை அடங்கத் தொடங்கும் வேளையில், மேல்தோலின் அடியில் செல்கள் வரிசை வரிசையாகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. நடவுக்கு முன் வயலில் வரப்புப் போடுவதுபோல. மேடு உயரமாக இருக்கும்போதே வரி விழுந்தால் சுழி, அதாவது சக்கரம். ஒருபுறம் சாய்ந்திருந்தால் சங்கு. தாழ்ந்துவிட்ட பின் விழுந்தால் வெறும் வில். பதினாறு, பதினேழு வாரத்துக்குள் வடிவம் முடிவாகிவிடும். பிறகு சாகும்வரை மாறாது. அந்த வரிகளிலிருந்தே வியர்வைச் சுரப்பிகளும் முளைக்கின்றன. உருவத்தைத் தீர்மானிப்பதில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் ரேகை அச்சாக ஒன்றாக இருப்பதில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரேகையின் உருவம் ஒன்று. ரேகையின் தரம் மற்றொன்று. சங்கா சக்கரமா என்பது மூன்று, நான்கு மாதக் கருவில் நடந்ததைச் சொல்கிறது. வரி உயர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, துண்டு துண்டாக இருக்கிறதா என்பது இன்றைக்கு அந்தத் தோல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. பரம்பரைத் தோல் நோய்களில் பெரும்பாலானவை தோலின் கட்டுமானப் பொருளில் வரும் கோளாறுகள். அவற்றின் தடயத்தை எங்கே தேடவேண்டும் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

பிறகு ஏன் எல்லோரும் உருவத்தை எண்ணினார்கள்? அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. 1892-ல் விரல் ரேகையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஃபிரான்சிஸ் கால்டன், இனத்தையும் குணத்தையும் அதில் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஹெரால்டு கம்மின்ஸ் முப்பதுகளில் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் கைகளைப் பார்த்தபோது உண்மையிலேயே ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் ஒற்றைக் குறுக்குக் கோடு, மணிக்கட்டுப் பக்கம் இருக்கவேண்டிய முக்கோணப் புள்ளி உள்ளங்கையின் நடுவுக்கு ஏறியிருப்பது, விரல்களில் சங்கின் ஆதிக்கம். குரோமோசோம் காரணம் தெரியவந்தது 1959-ல்தான். அதற்கு முன்பே டொரொன்டோவில் நார்மா ஃபோர்டு வாக்கர் கைரேகையை மட்டும் வைத்து டவுன் நோய்க்குறியைக் கணிக்க ஓர் அட்டவணை வகுத்துவிட்டார். லண்டனில் பென்ரோஸ், பாலினக் குரோமோசோம் கூடக் கூட விரல்களின் மொத்த வரி எண்ணிக்கை குறைவதைக் காட்டினார். ஆக, எண்ணுவது பயனற்ற வேலையாக அன்று தோன்றவில்லை. ஆனால் அதெல்லாம் முழுக் குரோமோசோமே கூடும், குறையும் நோய்கள். கருவின் வளர்ச்சி முழுவதையும் அவை ஆட்டிவைக்கின்றன. விரல் மேடும் அதோடு சேர்ந்து ஆடுகிறது. ஒற்றை மரபணுவில் எழுத்துப் பிழை விழுந்து தோல் மட்டும் கெட்டுப்போகும் நோயில் அதே மாற்றத்தை எதிர்பார்க்க நியாயமே இல்லை.

இந்த நியாயத்தை யோசிக்காமல் வெண்புள்ளி, சொரியாசிஸ், கரப்பான் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ரேகைக் கணக்கு எடுக்கப்பட்டது. முறை ஏறக்குறைய ஒன்றுதான். நோயுள்ளவர்கள் சிலர், நோயில்லாதவர்கள் சிலர், பத்து விரலுக்கும் மை, எண்ணு, விகிதம் போடு. இதில் ஒளிந்திருக்கும் குறைகளைச் சொல்லியாக வேண்டும். நாற்பது பிள்ளைகளின் பத்து விரலை நானூறு தனித்தனிச் சான்றாகக் கணக்கில் சேர்ப்பது முதல் குறை. ஒரே கையின் விரல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, சான்று நாற்பதுதான். சங்கு, சக்கரம், வில், வரி எண்ணிக்கை, உள்ளங்கைக் கோணம் என்று வலது இடதாக இருபது அளவுகளைச் சோதித்தால், நூற்றுக்கு ஐந்து தவறு பொறுக்கலாம் என்ற வழக்கமான எல்லைக்குள் ஒன்று தற்செயலாகவே தேறிவிடும். அந்த ஒன்று கட்டுரையின் தலைப்பாகிவிடும்.

மூன்றாவது குறை நம் பக்கத்துக்கே உரியது. ரேகை உருவம் குடும்பத்துக்குக் குடும்பம், சாதிக்குச் சாதி வேறுபடக்கூடியது. தமிழ்நாட்டில் அண்மைய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான் நடக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பிள்ளையின் மரபணுக்களில் பதினாறில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூதாதையின் நகலாக வந்து சேரும் வாய்ப்பு. அக்காள் மகளைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. பரம்பரைத் தோல் நோயோடு வரும் பிள்ளைகளில் இப்படிப் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பார்கள். ஒப்பிடுவதற்கு வெளியிலிருந்து அழைத்து வரும் பள்ளிப் பிள்ளைகளில் அந்த அளவு இருக்கமாட்டார்கள். வித்தியாசம் தென்பட்டால் அது நோயால் வந்ததா, வம்சத்தால் வந்ததா? நோயுள்ள பிள்ளையின் உடன்பிறந்தவரையே ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். சுலபமான திருத்தம்தான், ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு.

சொந்தத் திருமணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எழுபதுகளில் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த சுந்தர் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காட்டில் பெரிய அளவில் ஆராய்ந்து, எதிர்பார்த்த அளவு கேடு தென்படவில்லை என்று எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்துவந்ததால் கொடிய மரபணுக்கள் கழிந்துபோயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மொத்த மக்கள்தொகைக்கு அது பொருந்தலாம். பிறக்கும்போதே கண்ணாடித்தாள் சுற்றியதுபோல் மினுங்கும் சவ்வோடு வரும் குழந்தையின் வீட்டில் அந்தச் சராசரி எதற்கும் உதவாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான நகல் வந்தால்தான் இப்படிப்பட்ட மீன்செதில் நோய் வெளிப்படும்.

எண்ணும் வேலை ஆய்வறையோடு நிற்கவில்லை: விரல் ரேகையை வைத்துப் பிள்ளை டாக்டராவானா, பாடகனாவானா என்று சொல்லும் வியாபாரம் ஒன்று பள்ளிகளைச் சுற்றி நடக்கிறது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் அதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று அறிவித்தும் ஓயவில்லை. வைத்தீஸ்வரன்கோயில் ஜோதிடராவது அறிவியல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இனி உற்றுப் பார்க்கும் வேலைக்கு வருவோம். மீன்செதில் நோயுள்ள ஆறு வயதுப் பையனிடம் ரேகை எடுப்பதே ஒரு பாடு. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலரவிட்டு, கண்ணாடித் தகட்டில் உருளையால் மெல்லியதாகப் பரப்பிய மையில் விரலை நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டவேண்டும். பிள்ளை கையை இழுத்துக்கொள்வான். மை வரிமேட்டில் மட்டும் ஒட்டவேண்டும். இவனுக்கோ வெடிப்புக்குள்ளும் இறங்கும், அல்லது செதில் மேலேயே நின்றுவிடும். தாளில் பார்த்தால் வரிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். எண்ண வந்த ஆய்வாளர் இந்தத் தாளைப் ‘பதிவு சரியில்லை’ என்று ஒதுக்கிவிடுவார். அந்தப் பிள்ளையின் நோயைப் பற்றிய சேதி ஒதுக்கிய தாளில்தான் இருக்கிறது.

மீன்செதில் நோய்களில் பரவலானது, தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாகிரின் என்ற புரதம் குறைவதால் வருவது. இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறுபதுகளில் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். காரணமான மரபணுப் பிழையை 2006-ல் டண்டீ நகரத்து மெக்லீன் குழு கண்டுபிடித்தது. இந்த நோயில் பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பினாலே போதும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் மண்டி, வயதானவர் கைபோல இருக்கும். இதே மாதிரிச் செதில் உதிர்த்துக்கொண்டு வரும் இன்னொரு நோய், எக்ஸ் குரோமோசோம் வழியாகப் பையன்களை மட்டும் பிடிப்பது. அதில் உள்ளங்கை பெரும்பாலும் தப்பிவிடும். ஒன்று பெற்றோர் யாரிடமிருந்தும் வரக்கூடியது. மற்றது தாய்வழி மட்டும் வருவது. மாமனுக்கு இருந்ததா, அப்பாவுக்கு இருந்ததா என்று விசாரிக்கும் திசையே மாறுகிறது. மரபணுச் சோதனைக்குக் காசு இல்லாத இடத்தில் ஓ.பி. மேசையில், டியூப்லைட் வெளிச்சத்தில், அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. பிறந்ததும் கொப்புளம் கட்டி, வளர வளரத் தோல் முரடாகும் நோயொன்றில் பழுது கெரட்டின்-1 அல்லது கெரட்டின்-10 என்ற புரதத்தில் இருக்கலாம். உடம்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் உள்ளங்கையும் பாதமும் தடித்து வெடித்திருந்தால் கெரட்டின்-1 மேல் சந்தேகம். அவை ஏறக்குறைய இயல்பாக இருந்தால் கெரட்டின்-10. உள்ளங்கைத் தோலுக்கென்றே கெரட்டின்-9 என்று தனியாக ஒன்று இருப்பதால் அங்கே பத்தாம் கெரட்டின் இல்லாத குறை தெரிவதில்லை. அந்தக் கெரட்டின்-9 பழுதானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் காய்ப்புக் காய்த்ததுபோல் மஞ்சளாகத் தடிக்கும். தோல் உரிந்து உரிந்து தழும்பாகி விரல்களே ஒட்டிப்போகும் கொப்புள நோய்களில் ரேகையைப் பற்றிப் பேச இடமில்லை. அங்கே கவலை கையைக் காப்பாற்றுவதுதான்.

ரேகையே இல்லாமல் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். 2007-ல் சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்றபோது விரலில் பதிவு விழவில்லை. பாசல் நகரத்துத் தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் அதற்குக் குடியேற்றத் தாமத நோய் என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். அந்தப் பெண்ணின் குடும்பத்தை ஆராய்ந்து, இஸ்ரேலின் எலி ஸ்ப்ரெகர் குழு 2011-ல் ஸ்மார்காட்-1 என்ற மரபணுவில் பிழையைப் பிடித்தது. அதன் முழு வடிவம் உடம்பெங்கும் வேலை செய்கிறது. தோலுக்கென்று இருக்கும் குறுவடிவம் மட்டும் கெட்டதால் ரேகையும் வியர்வைச் சுரப்பியின் ஒரு பகுதியும் போயின, மற்றதெல்லாம் பிழைத்தது. தோலில் வலைபோல் கருமை படரும் நெகேலி நோயிலும் ரேகை இருக்காது. அதற்குக் காரணம் கெரட்டின்-14 என்று 2006-ல் தெரிந்தது. வங்கதேசத்தின் ராஜ்சாஹி பக்கம் தலைமுறை தலைமுறையாக ரேகையில்லாத ஆண்கள் உள்ள ஒரு குடும்பம், சிம் கார்டு வாங்கவும் ஓட்டுநர் உரிமம் வாங்கவும் பட்ட பாடு 2020-ல் செய்தியானது.

ரேகை இல்லாமை எல்லாம் பிறவி அல்ல என்பதற்குக் கடலூர் மாவட்டத்தில் கைவசம் சான்று இருக்கிறது. பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளில் உடைக்கும் பெண்களின் விரல் நுனியைப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை அரித்துக் கறுக்க வைக்கின்றன. வரி மேலே தேய்ந்துவிடுகிறது. வேலையை விட்டு இருந்தால், வடு விழுமளவு ஆழமாக வெந்திராவிட்டால், அதே சங்கும் அதே சக்கரமும் திரும்பி வரும். அச்சு அடித்தோலின் எல்லையில் இருப்பதே காரணம். கட்டிட வேலைக்காரர்கள், மீன் கழுவும் பெண்கள் கதையும் இதுதான். பிறவியில் இல்லாதது என்ன செய்தாலும் வராது. ஒரு பிள்ளையின் விரலில் பதிவு விழவில்லை என்றால் முதலில் கேட்கவேண்டியது, பிறந்ததிலிருந்தே இப்படியா என்பதுதான். கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்க்காரர்கள் தோல் வியாதி எதுவானாலும் ரசாயனத்தால் வந்தது என்று சொல்வதைக் கேட்கலாம். அவர்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் காற்றும் தண்ணீரும் செய்யும் சேதத்தையும் கருவிலேயே முடிவானதையும் பிரித்துச் சொல்லவும் கை உதவும்.

ரேகை பதியும் கருவி முன் நிற்கும்போதுதான் இதெல்லாம் வீட்டுக்குள் வந்து தைக்கிறது. ஆதாருக்கு ஐந்து வயதுக்குள் ரேகை வேண்டாம். ஐந்திலும் பதினைந்திலும் பத்து விரலும் கருவிழியும் பதியவேண்டும். செதில் நோயுள்ள பிள்ளை ஐந்து வயதில்தான் முதன்முதலாகக் கருவியிடம் தோற்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020-ல் விரல் ரேகைக் கருவி வந்தது. கருவிழி பார்க்கும் கருவி பிறகுதான் வந்தது. விரல் பதியாதவர்களுக்கு விதிவிலக்காகப் பதிவு செய்ய வழி இருக்கிறது; ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தைக்கு எந்தச் சலுகையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லியும் இருக்கிறது. சேவை மைய மேசையில் ‘விரல் விழலம்மா, அப்புறம் வாங்க’ என்பதே விதியாகிவிடுவதுண்டு. பதிவுக்கு முந்தின சில நாள் இரவும் காலையும் வாசலின் தடவி, குளித்த ஈரத்தோடு எண்ணெய் பூசிச் செதிலை இளக வைத்துவிட்டு அழைத்துப் போனால் சிலருக்கு விழுகிறது. போகும் நேரத்தில் கை பிசுக்கில்லாமல் இருக்கவேண்டும். தோல் மருத்துவர் நோயின் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றும் கையில் இருந்தால் வாதாடச் சௌகரியம்.

ரேகையும் தோல் நோயும் நிஜமாகவே ஒரே வேரில் சந்திக்கும் நோய் ஒன்று இருக்கிறது. 1875-ல் டார்வின் தம் நூல் ஒன்றின் இரண்டாம் பதிப்பில், சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றை விவரித்தார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகக் குறைவு, உடம்பில் முடியும் மிகக் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு தவித்தார்கள். பெண்கள் ஒருவருக்கும் நோய் இல்லை. ஆனால் அவர்கள் வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குப் போனது. அது வியர்க்காத பிறவிக் கோளாறு. அக்னி நட்சத்திரத்தில் கடலூரின் புழுக்கத்தில் காரணமில்லாமல் காய்ச்சல் அடிக்கும் பையன், கூர்மையான ஒன்றிரண்டு பல், பூனை முடிபோலத் தலைமயிர் என்று வந்தால் இதை நினைக்கவேண்டும். பூதக்கண்ணாடியில் விரல் நுனியைப் பார்த்தால் வரிமேல் ஊசிமுனைப் புள்ளிகளாக இருக்கவேண்டிய வியர்வைத் துளைகள் இல்லை, அல்லது அங்கொன்று இங்கொன்று. வரியும் தட்டையாகக் கிடக்கும். காரணமான இ.டி.ஏ. மரபணு 1996-ல் தெரியவந்தது. 2023-ல் எடின்பரோவின் டெனிஸ் ஹெடன் குழு, விரல் வரிகள் விழுவதற்கே மூன்று சமிக்ஞைகள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்குவதைக் காட்டியது. கணித மேதை ஆலன் டூரிங் 1952-ல் ஊகித்த முறை அது. அந்த மூன்றில் ஒன்று இந்த இ.டி.ஏ.வின் சங்கிலியைச் சேர்ந்தது. வரி சரியாக எழாததும் வியர்க்காததும் இரண்டு குறைகள் அல்ல, ஒரே குறையின் இரு முகங்கள். சங்கு சக்கரம் எண்ணி இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர் குழு, இந்த நோயில் குறைந்த புரதத்தைப் பனிக்குடத்துக்குள் ஊசியால் செலுத்தி 2018-ல் வெளியிட்ட முடிவில் மூன்று பையன்கள் வியர்த்தார்கள். ஊசி போட்டது கர்ப்பத்தின் இருபத்தாறாவது வாரத்திலிருந்து. நம் ஊருக்கு அந்த மருந்து எப்போது வரும் என்பது வேறு கேள்வி. வந்தாலும், பிள்ளை பிறந்து பல் முளைக்காமல் போனபின் கண்டுபிடித்துப் பயனில்லை. பழுதான இந்த மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு வெளியே நோய் பெரிதாகத் தெரியாது. ஆனால் அவள் முதுகில் அயோடினும் மாவும் பூசி வெயிலில் நிறுத்தினால் வியர்க்கும் பட்டையும் வியர்க்காத பட்டையும் மாறி மாறித் தெரியும். அவள் விரல் நுனியிலும் துளைகள் திட்டுத் திட்டாகக் குறைந்திருப்பதை 1971-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட பையனை ஓ.பி.க்குத் தூக்கிவரும் தாயின் கையையும், கூடவே வரும் சித்தியின் கையையும் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த கர்ப்பம் அவர்களில் ஒருவருக்குத்தான்.